கீழே இறங்கவும் மேலே ஏற வேண்டிய இடம்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு வயது 46. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கிறேன். ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கல்லூரித் தோழிகள் நான்கு பேர் சேர்ந்து செப்டம்பர் முதல் வாரத்தில் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கில் நடைப்பயணம் போக முடிவு செய்திருக்கிறோம். இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. ஒரு தோழி போட்ட திட்டம் இது: முதல் நாள் டெல்லியிலிருந்து விமானத்தில் லே. இரண்டாம் நாள் காரில் கர்துங் லா. மூன்றாம் நாள் காரில் ஸ்கியூ, அங்கிருந்து நடை. நான்காம் நாள் மார்க்கா, ஐந்தாம் நாள் ஹாங்கர், ஆறாம் நாள் நிமாலிங், ஏழாம் நாள் கோங்மாரு லா ஏறி இறங்கி மறுபடி லே. எட்டாம் நாள் விமானம். எனக்கு இரண்டு வருடமாக ரத்த அழுத்தம். காலையில் அம்லோடிபின் 5 மில்லிகிராம் ஒன்று போடுகிறேன். போன மாதம் பார்த்தபோது ஹீமோகுளோபின் 9.6. கடலூரில் மலையே இல்லையே, எப்படிப் பயிற்சி எடுப்பது? மலை உயரத்தில் உடம்பு கெடாமலிருக்க டையமாக்ஸ் மாத்திரை போடலாமா? ஆக்சிஜன் டப்பா வேண்டுமா? மணாலி வழியாகக் காரில் போனால் உடம்பு பழகிவிடும் என்கிறார்கள், சரியா? வாங்க வேண்டிய 62 பொருள்களின் பட்டியலையும் இணைத்திருக்கிறேன். வீட்டுக்காரருக்குத் துளியும் விருப்பமில்லை. பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்: பட்டியலை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் திட்டத்தில் ஆறாம் நாளை எடுத்துக்கொண்டு, நிமாலிங் என்ற பெயரைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போடுங்கள்.

நிமாலிங் ஒரு மேய்ச்சல் நிலம். உயரம் 4,700 மீட்டருக்கு மேல். தலைக்கு மேலே காங் யாட்சே சிகரம், கண்ணுக்கு எட்டிய தூரம் புல்வெளி, யாக்குகள், ஆடுகள். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அங்கே சாலை கிடையாது. சீக்கிரம் வெளியேறும் வழி கோங்மாரு லா என்ற கணவாய். அதன் உயரம் 5,200 மீட்டரைத் தாண்டுகிறது. அதாவது இரவில் ஒருவருக்கு உடம்பு மோசமானால், குறுக்கு வழியில் கீழே போக நினைப்பவர் முதலில் இன்னும் 500 மீட்டர் மேலே ஏற வேண்டும். உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் வரும் உயர நோய்க்கு முதல் மருந்து கீழே இறங்குவது. அந்த மருந்தே நோயைக் கூட்டிவிட்டுத்தான் கிடைக்கும் என்றால் என்ன செய்வது? மிச்சமிருப்பது வந்த வழியே ஹாங்கருக்குத் திரும்புவது. நோயாளியைக் குதிரையில் ஏற்றியோ, இரண்டு பேர் தாங்கிக்கொண்டோ, இருட்டில்.

நிமாலிங்குக்குப் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. உடம்பு தயாராகிவிட்டது என்று தெரிந்த பிறகே அங்கே படுக்க வேண்டும் என்கிறேன். உங்கள் திட்டத்தில் அதைத் தெரிந்துகொள்ள நாளே இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. 2011இல் நானும் இரண்டு மருத்துவத் தோழிகளும் மணாலியிலிருந்து காரில் லே கிளம்பினோம். ஏற்பாடு செய்தவர் முதல் இரவுத் தங்கலைச் சர்ச்சு கூடாரத்தில் போட்டிருந்தார். உயரம் ஏறக்குறைய 4,300 மீட்டர். மூன்று டாக்டர்கள் சேர்ந்து அந்தத் திட்டத்தைப் பார்த்தோம், ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. மாலையிலேயே எனக்குத் தலைவலி. வெயில் என்றேன். சாப்பாடு பிடிக்கவில்லை. கார் சுற்றியது என்றேன். இரவு பதினொன்றுக்கு வாந்தி. அப்போதும் மதியம் தின்ற ராஜ்மாவின் மேல்தான் பழியைப் போட்டேன். நோயாளி இதையெல்லாம் சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பேன். என் விஷயத்தில் கண்டுபிடித்தவர் கார் ஓட்டுநர். வெளியே வந்த நான் தள்ளாடியதைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் வண்டியைக் கிளப்பினார்.

சர்ச்சுவும் நிமாலிங்கைப் போலத்தான். லே பக்கம் போனால் 5,000 மீட்டரைத் தாண்டும் கணவாய்; மணாலி பக்கம் திரும்பினால் 4,890 மீட்டரில் பாராலாச்சா லா. எந்தப் பக்கம் போனாலும் ஏறித்தான் இறங்க வேண்டும். பாராலாச்சா லாவை நடுராத்திரியில் தாண்டியபோது எனக்கு அரை நினைவுதான். விடியும் நேரத்தில் ஜிஸ்பாவில், 3,200 மீட்டரில், ஒரு தேநீர்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். தலைவலி பாதியாகியிருந்தது. பிஸ்கட் கேட்டேனாம். அன்றிலிருந்து யார் எந்த மலைத் திட்டத்தைக் காட்டினாலும் நான் பார்ப்பது ஒன்றைத்தான்: இந்தப் படுக்கை இடத்திலிருந்து இறங்கும் வழி உண்மையிலேயே இறங்குகிறதா?

மணாலி பற்றிய உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் வந்துவிட்டது. சாலைப் பயணம் உடம்பைப் பழக்கும் என்பது பொதுவாகச் சரி, எந்தச் சாலை என்பதில்தான் சிக்கல். ஸ்ரீநகர் வழி மென்மையானது. சோஜி லா 3,528 மீட்டர்தான். இரவு தங்கும் கார்கில் 2,700க்கும் கீழே. மறுநாள் ஃபோத்து லாவை, 4,108 மீட்டரை, காரில் தாண்டி லே போய்ச் சேரலாம். பணமும் விடுப்பும் இருந்தால் நான் அந்த வழியைத்தான் சொல்வேன். இல்லையென்றால் விமானத்திலேயே போங்கள், ஆனால் இறங்கியதும் லேயில் சும்மா இருங்கள். மணாலி வழி போனால் ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ இரண்டு இரவு தங்காமல் மேலே போகக் கூடாது.

கடலூர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. காற்றழுத்தம் என்றால் என்ன என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 2011 டிசம்பர் கடைசியில் தானே புயல் வந்ததே, நினைவிருக்கிறதா? முந்திரித் தோப்புகளை வேரோடு பிடுங்கிப் போட்ட அந்தப் புயலின் மையத்தில் அழுத்தம் சுமார் 970 மில்லிபார் வரை இறங்கியது. சாதாரண நாளில் நம் ஊரில் 1,010 சுற்றி இருக்கும். லேயில் எந்தப் புயலும் இல்லாத வெயில் நாளில் 660 சுற்றித்தான் இருக்கும். கோங்மாரு லா உச்சியில் நம் ஊர் அழுத்தத்தில் ஏறக்குறைய பாதி. காற்றில் ஆக்சிஜனின் பங்கு எல்லா இடத்திலும் அதே 21 சதவீதம்தான், காற்றே பாதியாகிவிடுவதால் ஒரு மூச்சுக்குக் கிடைப்பதும் பாதியாகிறது. உடம்பு இதற்கு ஈடுகொடுக்கும். வேகமாக மூச்சு விடும், சிறுநீரகம் ரத்தத்தின் காரத்தன்மையைச் சரிசெய்யும். அதற்கு நாள் கணக்கில் நேரம் எடுக்கும், நாம் அவசரப்படுத்த முடியாது.

இதில் உடல் வலிமைக்குப் பங்கு மிகக் குறைவு. 1962 போரை ஒட்டி நம் படைவீரர்களைச் சமவெளியிலிருந்து திடீரென்று இமயத்துக்கு அனுப்ப வேண்டி வந்தது. அப்படிப் போய் உயர நோய் கண்ட 1,925 வீரர்களைப் பற்றி நம் ராணுவ மருத்துவர்கள் 1969இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்றும் உலகம் முழுக்க மேற்கோள் காட்டுகிறார்கள். எல்லோரும் தினமும் ஓடிப் பழகிய ஆண்கள். ஆகவே உங்கள் நால்வரில் மாரத்தான் ஓடுகிறவர் இருந்தால், அவரைப் பற்றித்தான் எனக்குக் கூடுதல் கவலை. மற்றவர்கள் மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில் அவர் நிற்க மாட்டார்.

சரி, திட்டத்தைத் திருத்துவோம். மலை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு எளிது: 3,000 மீட்டருக்கு மேல் போனபின், இன்று இரவு படுக்கும் இடம் நேற்றுப் படுத்ததைவிட 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை அதே உயரத்தில் இன்னொரு இரவு. பகலில் ஏறி இறங்குவது இதில் சேராது, படுக்கும் உயரம்தான் முக்கியம்.

லேயில் மூன்று இரவு. இரண்டாம் நாள் கர்துங் லாவைத் திட்டத்திலிருந்து அடித்துவிடுங்கள். முந்தாநாள் வரை கடல் மட்டத்தில் இருந்தவர் 5,300 மீட்டரைத் தாண்டிய இடத்தில் நின்று படம் எடுப்பதில் எனக்கு மருத்துவக் காரணம் ஒன்றும் தெரியவில்லை. முதல் நாள் படுக்கை, ஜன்னல், தேநீர். இரண்டாம் நாள் கடைத்தெரு. மூன்றாம் நாள் சாந்தி ஸ்தூபி படிகளை நிதானமாக ஏறிப் பாருங்கள். நான்காம் நாள் ஸ்கியூ. அது லேயைவிடச் சற்றுத் தாழ்வு என்பது இந்தப் பாதையின் நல்ல குணம். ஐந்தாம் நாள் மார்க்கா, ஆறாம் நாள் 4,000 மீட்டர் அளவில் ஹாங்கர். அங்கிருந்து ஒரே நாளில் நிமாலிங் என்பது 700 மீட்டருக்கு மேல் தாவல். இடையில் தாச்சுங்சே என்ற முகாம் இடம் இருக்கிறது. ஏழாம் இரவு அங்கே. எட்டாவது நிமாலிங், ஒன்பது கோங்மாரு லா, பத்து உபரி நாள், பதினொன்றில் விமானம். மூன்று நாள் கூடுகிறது. பள்ளத்தாக்குக்குள் இப்போது சாலை நீண்டுகொண்டே போகிறது. "கார் அங்கே வரை போகும் மேடம், இரண்டு நாள் மிச்சம்" என்று யாராவது ஆசை காட்டினால் மயங்காதீர்கள். அந்த இரண்டு நாள்தான் உங்களைப் பழக்குவது.

முடிவெடுக்கும் இடம் தாச்சுங்சே. அங்கே காலையில் நால்வரும் ஒருவரையொருவர் கேளுங்கள்: தலைவலி உண்டா, நேற்று எவ்வளவு சாப்பிட்டாய், தூக்கம் எப்படி? தலைவலியோடு குமட்டலோ, அசதியோ, தலைச்சுற்றலோ சேர்ந்தால் அது உயர நோய்தான், வேறு நிரூபணம் தேவையில்லை. அப்படி இருப்பவர் அன்று மேலே போகக் கூடாது. அங்கேயே ஒருநாள் இருந்து சரியானால் போகலாம். கூடினால் ஹாங்கருக்கு இறங்க வேண்டும், துணையோடு. சந்தேகம் வந்தால் கூடாரத்துக்கு வெளியே ஒரு கோடு கிழித்து, வயல் வரப்பில் நடப்பதுபோல் குதிகாலை முன்விரலோடு ஒட்டி ஒட்டிப் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோக்கிறது என்று பொருள். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்குகிறது, இருமல் விடாமல் வருகிறது என்றால் நுரையீரலில் நீர். இந்த இரண்டுக்கும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வழிகாட்டியிடம் டெக்ஸாமெத்தசோன், நிஃபெடிபின் இருக்கிறதா, எப்போது கொடுக்க வேண்டும் என்று தெரியுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். அவை இறங்க அவகாசம் வாங்கித் தரும் மருந்துகள், இறங்குவதற்கு மாற்று அல்ல.

ஒன்றைக் கண்டு பயப்பட வேண்டாம். இரவில் பக்கத்தில் தூங்குபவர் நாலைந்து பெருமூச்சு விட்டு, சில நொடி மூச்சே விடாமல் கிடந்து, திடுக்கென்று மறுபடி இழுப்பார். அங்கே அது சகஜம். தூக்க மாத்திரை மட்டும் யாரும் போடக் கூடாது. மதுவும் வேண்டாம்.

டையமாக்ஸ் உங்களுக்குத் தேவை. நேராக 3,500 மீட்டரில் விமானத்தில் போய் இறங்குகிறீர்கள். வழக்கமான அளவு 125 மில்லிகிராம் காலை, இரவு. லேக்குப் பறப்பதற்கு முந்தின நாள் தொடங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒவ்வாமை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. ஆகவே உங்கள் டாக்டரிடம் சீட்டு வாங்காமல் தொட வேண்டாம். ஜூலையில் ஒரு சனி, ஞாயிறு வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். விரல் நுனியில் எறும்பு ஊறும், அடிக்கடி சிறுநீர் வரும். பன்னீர் சோடா குடித்தால் சப்பென்று இருக்கும், கடைக்காரரைத் திட்டாதீர்கள், அது மாத்திரையின் வேலை. எது மருந்தால் வருவது, எது மலையால் வருவது என்று முன்பே தெரிந்திருந்தால் அங்கே குழப்பம் இல்லை.

அம்லோடிபினைத் தொடருங்கள். உயரத்தில் முதல் சில நாள் அழுத்தம் ஏறுவது எல்லோருக்கும் உண்டு. கருவியில் 150ஐப் பார்த்துவிட்டு நீங்களாக இன்னொரு மாத்திரை போட வேண்டாம். பயணத்துக்கு முன் இரண்டு மாதம் வீட்டில் அழுத்தம் கட்டுக்குள் இருக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. நுரையீரல் நீருக்குக் கொடுக்கும் நிஃபெடிபினும் இதுவும் ஒரே குடும்பம் என்று யாராவது சொன்னால், நுரையீரலுக்கும் காப்பு கிடைத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள். தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும். அழுத்தம் உள்ளவர்கள் ஐபுப்ரோஃபெனைத் தொடர்ந்து போடுவது நல்லதல்ல.

ஆக்சிஜன் டப்பா வேண்டாம். கையடக்கமான அந்தத் தகர டப்பா சில நிமிடங்களில் காலி. குணமாக்காது, ஆனால் "டப்பா இருக்கிறதே" என்ற தைரியத்தில் ஒருவரை மேலே நடக்க வைக்கும். அதனால்தான் எனக்கு அது பிடிக்காது. கற்பூரத்தை முகர்ந்தால் மூச்சு வரும் என்பதும் வடக்கே பரவியிருக்கிற நம்பிக்கை. வாசனையாக இருக்கும், அவ்வளவுதான். விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி வேண்டுமானால் எடுத்துப் போங்கள், அங்கே 80 சொச்சம் காட்டுவது சாதாரணம். கை சில்லிட்டிருந்தால் அதுவும் தப்பாகக் காட்டும். எண்ணை நம்பி ஆளைப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

இப்போது ஹீமோகுளோபின். உங்கள் கடிதத்தில் நீங்கள் ஒரே வரியில் தாண்டிய விஷயம். எனக்கு அதுதான் பெரிது. கிடைக்கிற ஆக்சிஜனே பாதி. அதைத் தூக்கிச் செல்லும் வண்டிகளும் குறைவு. போதாக்குறைக்கு, இரும்புச்சத்து இல்லாத உடம்பில், உயரத்தில் நுரையீரல் ரத்தக் குழாய்களின் அழுத்தமும் கூடுதலாக ஏறும். 46 வயதில் 9.6 என்றால் முதலில் காரணம் தெரிய வேண்டும். மாதவிலக்கில் போக்கு அதிகமா, கருப்பையில் கட்டியா, மூலமா, குடலில் எங்காவது கசிவா என்று பார்க்காமல் மாத்திரை மட்டும் விழுங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. உடம்பில் இரும்புச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். இரும்பு மாத்திரையைக் காப்பி, தேநீரோடு போடாதீர்கள், இரண்டும் அதை உடம்பில் சேர விடாது. எலுமிச்சைச் சாறோடு போடலாம். ஒழுங்காகப் போட்டால் மாதம் ஒன்று, இரண்டு கிராம் ஏறும். நான்கு மாதம் தாராளம், இன்றே தொடங்கினால்.

அப்புறம் பயிற்சி. கடலூரில் மலை இல்லை என்கிறீர்கள். கேப்பர் மலை கோபித்துக்கொள்ளும். சரி, அதை மலை என்பது மரியாதைக்குத்தான். ஆனால் திருவந்திபுரம் இருக்கிறதே! ஔடதகிரியில் ஹயக்ரீவரைப் பார்க்க 74 படி. படிக்கு அரை அடி என்று வைத்தால் 37 அடி, அதாவது 11 மீட்டர். நீங்கள் கணக்குப் பிரிவு, போட்டுப் பாருங்கள்: நிமாலிங்கிலிருந்து கோங்மாரு லா என்பது அந்தப் படிகளை 45 தடவைக்கு மேல் ஏறுவது. கோயில் படி என்பதால் செருப்பில்லாமல், முதுகில் மூட்டையில்லாமல், வெயிலுக்கு முன் போங்கள். பத்துச் சுற்று ஏறி இறங்கினால் வேண்டுதல் என்று நினைத்துக்கொள்வார்கள், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். மூட்டையோடு பழக அலுவலக மாடிப்படி போதும். ஐந்து கிலோ அரிசிப் பையைப் பையில் போட்டுக்கொண்டு, வாரம் மூன்று நாள், முதலில் இருபது நிமிடம், ஆகஸ்டில் ஒரு மணி நேரம். தேவனாம்பட்டினம் மணலில் நடப்பது கெண்டைக்காலுக்கு நல்லது, ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கோங்மாரு லாவுக்கு அப்புறம் ஆயிரம் மீட்டருக்கு மேல் இறக்கம். முழங்கால் அழுவது அங்கேதான். ஆகவே படி இறங்குவதையும் பயிற்சியாகவே எண்ணி, மெதுவாக, கைப்பிடியைப் பிடிக்காமல் இறங்குங்கள்.

ஜூனிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு செஞ்சி. ராஜகிரிக் கோட்டை அடிவாரத்திலிருந்து உச்சிக்கு 240 மீட்டர் அளவு. ஒரே நாளில் இரண்டு தடவை ஏறி இறங்கினால் உங்கள் கணவாயின் ஏற்றம் கிட்டத்தட்ட வந்துவிடும், காற்று மட்டும் முழுசாக. வேகம் முக்கியமில்லை. ஏறும்போது பக்கத்தில் வருபவரிடம் மூச்சிரைக்காமல் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிற வேகமே சரியான வேகம். அதைக் கண்டுபிடித்து உடம்புக்குப் பழக்கிவிடுங்கள், லடாக்கில் அதில் பாதி வேகத்தில் நடக்கலாம். ஜூலையில் ஒருமுறை பர்வதமலை போய்வந்தால் நீண்ட ஏற்றமும் பழகும். வனத்துறை எந்த நேரத்தில் அனுமதிக்கிறது என்று கேட்டுக்கொண்டு போங்கள். திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர். தூரம் நடக்க அருமையான பயிற்சி, ஆனால் வெறுங்காலில் நடப்பதால் ஷூவைச் சோதிக்க உதவாது.

ஷூ என்றதும் உங்கள் 62 பொருளுக்கு வருகிறேன். பாதியை அடித்துவிடலாம். ஷூவில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். மாலை நேரத்தில், கால் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த கம்பளிச் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். சரிவில் இறங்கினால் கட்டைவிரல் முன்னால் இடிக்கக் கூடாது. ஜூனிலேயே வாங்கி, இங்கே புழுக்கத்தில் போட்டு நடந்து, கொப்புளம் எல்லாம் இங்கேயே வந்து போகட்டும். செப்டம்பரில் நிமாலிங் இரவு உறைநிலைக்குக் கீழே போகும். மார்கழிப் பனிக்கே மப்ளர் கட்டும் நமக்கு அது புதிது. ஒரு தடித்த உடையைவிட உள்ளே தெர்மல், நடுவில் ஃபிளீஸ், மேலே இறகு ஜாக்கெட், அதற்கும் மேலே காற்று, மழை புகாத ஒன்று என்று அடுக்குவதுதான் சரி. பருத்தி வேண்டாம், வியர்வை உறிஞ்சி ஈரமாகவே கிடக்கும். பட்டியலில் மூன்று நைட்டி இருக்கிறது. மூன்றும் வீட்டிலேயே இருக்கட்டும். ஆற்றைக் கடக்க வார் வைத்த செருப்பு ஒன்று வேண்டும். பனி உருகி மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் ஏறும் என்பதால் ஆறுகளைக் காலையில் கடப்பதே வழக்கம். வெயில் ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் என்ற அளவில் காட்டமாகும், ஆகவே நல்ல கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்கும் களிம்பு.

பட்டியலில் இல்லாத ஒன்று குடை. அந்த நிலம் மொட்டை நிலம், மறைவுக்கு ஒரு புதர் கிடைக்காது. டையமாக்ஸ் வேறு. விரித்த குடைக்குப் பின்னால் உட்கார்ந்தால் மானம் காக்கப்படும். வழியில் ஒதுங்கச் சங்கடப்பட்டுத் தண்ணீர் குடிப்பதைக் குறைக்கும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாளுக்கு மூன்று லிட்டராவது குடிக்க வேண்டும். வீடுகளில் தங்கும்போது பாரம்பரியக் கழிப்பறைதான், தண்ணீர் ஊற்றாமல் மண்ணை அள்ளிப் போட வேண்டும். மாதவிலக்கு அந்த நாளில் வந்தால் பயன்படுத்திய பஞ்சைக் கட்டி லே வரை திரும்ப எடுத்து வர வேண்டும். கப் பழக நினைத்தால் இப்போதே பழகுங்கள். தள்ளிப்போட மாத்திரை கேட்பீர்கள். ரத்த அழுத்தத்தோடு, 46 வயதில், அந்த உயரத்துக்குப் போகிறவருக்கு நான் எழுதித் தர மாட்டேன்.

சாப்பாட்டில் ஒரு வார்த்தை. மேலே போகப் போகப் பசி போகும், அப்போது வெண்ணெய்த் தேநீரைப் பார்த்தால் சிலருக்குக் கண்ணீர் வரும். நிமாலிங் உயரத்தில் தண்ணீர் 85 டிகிரி சுற்றியே கொதித்துவிடும் என்பதால் குக்கர் இல்லாமல் சோறு வேகாது; அதனால் அங்கே எல்லாரும் குக்கர் வைத்திருக்கிறார்கள். பருப்புப் பொடி கால் கிலோ, நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு சின்ன டப்பா. இது இரண்டும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுக்காரருக்கு நான் வக்காலத்து வாங்குகிறேன், அவர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்: உங்கள் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். அதுவும் பள்ளத்தாக்குக்குள் போனபின் நம்ப முடியாது. அத்தனை நாளும் போன் வராவிட்டால் ஆபத்து என்று பொருளில்லை. எந்தத் தேதி இரவுக்குள் லேயிலிருந்து பேசுவீர்கள், பேசாவிட்டால் அவர் யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். உபரி நாளை அந்தத் தேதியில் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒருநாள் தாமதத்துக்கு மனிதர் டெல்லிக்கு டிக்கெட் எடுத்துவிடுவார். வெளிநாட்டு உறவினர் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அரசு அனுமதி இல்லாமல் அதை வைத்திருப்பது நம் நாட்டில் குற்றம், விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். காப்பீட்டுத் தாளில் உயர வரம்பும் "சாகச விளையாட்டு" விலக்கும் இருக்கிறதா என்று, எண்களைப் பார்த்துப் பழகிய கண்ணால், நீங்களே வரி வரியாகப் படியுங்கள்.

ஜூலை கடைசி வாரத்தில் ஹீமோகுளோபினை மறுபடி பாருங்கள். 12ஐத் தொட்டிருந்தால் விமான டிக்கெட்டை உறுதிசெய்யலாம். 11க்குக் கீழே நின்றால் எனக்கு எழுதுங்கள், அல்லது புதுச்சேரி பக்கம் வரும்போது அறிக்கையோடு நேரிலேயே வாருங்கள். அடுத்த செப்டம்பருக்குத் தள்ளுவதைப் பற்றி அப்போது பேசுவோம். அதுவரை டிக்கெட்டுக்கு முன்பணம் கட்ட வேண்டாம் என்று திட்டம் போட்ட தோழியிடம் சொல்லிவையுங்கள்.